தீக்கடைகோலும் சி.என்.சி. மெஷினும்

போன வருஷம் ஆடி மாதம். இரவு பத்தரை மணி இருக்கும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுக்கப் போன நேரத்தில் கைப்பேசி அடித்தது. என் மைத்துனர் மகன்.

"மாமா, பட்டறையில புகை வருதாம். பக்கத்து டீக்கடைக்காரர் போன் பண்ணுனார். நான் போய்க்கிட்டு இருக்கேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

அவ்வளவுதான், வைத்துவிட்டான்.

நம்ம ஆலங்குளத்தில், தென்காசி ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது அவன் பட்டறை. நிலை, கதவு, பூஜையறைக் கதவு, சாமி படச் சட்டம், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்கிறான். நான்கு வருஷத்துக்கு முன்னால் கடன் வாங்கி ஒரு சி.என்.சி. மெஷின் போட்டான். கணினியில் கிளி, தாமரை, கஜலட்சுமி என்று படத்தைக் கொடுத்துவிட்டால் போதும். மேஜை மேல் கிடக்கும் பலகையில் மெஷினே அங்கும் இங்கும் ஓடிச் செதுக்கி வைத்துவிடும். செதுக்கிய தூளை ஒரு குழாய் உறிஞ்சிக்கொண்டு போய் மூலையில் தொங்கும் பெரிய துணிப்பையில் கொட்டும்.

நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி வந்து வேலையை முடித்திருந்தது. அந்தத் துணிப்பையும், தூள் உறிஞ்சும் மோட்டாரும், அந்த மூலைக் கூரையும், சாத்தி வைத்திருந்த ஒரு ஜோடித் தேக்குக் கதவும் போய்விட்டன. மெஷின் தப்பித்தது. போனது பொருள்தானே என்று எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். என் கண் மட்டும் வேறு ஒன்றில் போய் நின்றது. பையிலிருந்து நாலடி தூரத்தில் ஒரு பாய் சுருட்டியபடி பாதி கருகிக் கிடந்தது.

அது உதவியாள் பையனுடைய பாய். 19 வயது. தினமும் இரவு அங்கேதான் படுப்பான். அன்றைக்கு அவன் ஊரில் அம்மன் கோயில் கொடை. அதனால் ஊருக்குப் போயிருந்தான்.

மறுநாள் காலையில் மருமகன் சொன்னான்: "அவன்தான் மாமா காரணம். கொடைக்குக் கிளம்புற அவசரத்துல ஒழுங்காப் பார்க்காம பூட்டிட்டுப் போயிட்டான். வரட்டும், கணக்கை முடிச்சு அனுப்பிரப் போறேன்."

"ஒரு வாரம் பொறு தம்பி" என்றேன். "ஃபைல் போடாமல் யாரையும் தண்டிக்கக் கூடாது."

புதுச்சேரி அரசாங்கத்தில் எழுத்தராகவே காலத்தைக் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுக்காரியின் ஊரான இங்கே வந்து தங்கிவிட்டேன் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எனக்கு மரவேலை தெரியாது. விசாரித்து, படித்து, வரிசைப்படுத்தி எழுதத் தெரியும். மரத்தை மெஷின் வெட்டும்போது தீ ஏன் வருகிறது, முன்னே அறுத்தவர்களுக்கெல்லாம் வந்ததா, அவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு வாரம் தேடினேன். அது ஒரு வாரத்தில் முடியவில்லை. இந்தப் பதிவு அந்த ஃபைலின் சுருக்கம்.

மரத்திலிருந்து தீ

தீப்பெட்டி நமக்கு நேற்று வந்தது. உரசினால் பற்றும் குச்சியை இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர் விற்க ஆரம்பித்தது 1827-இல். நம் பக்கத்துச் சிவகாசிக்கு அந்தத் தொழில் வந்தது 1923-இல். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுக்கொண்டு வந்து ஆரம்பித்தார்கள். அதற்கு முன் ஆயிரக்கணக்கான வருஷங்கள் மனிதன் தீ உண்டாக்கிய வழிகளில் ஒன்று மரத்தை மரத்தால் கடைவது. நம் பழைய இலக்கியத்தில் அந்தக் கோலுக்கு ஞெலிகோல் என்று பெயர். பிற்காலத்தில் தீக்கடைகோல் என்றார்கள். வேள்விக்கு அரணிக்கட்டை கடைவதை இன்றும் சில இடங்களில் பார்க்கலாம்.

அரணி கடைவதைப் பார்த்திருக்கிறீர்களா? கீழே ஒரு கட்டை, அதில் ஒரு குழி. குழியில் ஒரு கோலை நிறுத்திக் கயிற்றால் மத்துப்போலச் சுற்றுவார்கள். கோல் இடம் மாறாது. ஒரே குழியில் நின்று சுழலும். முதலில் மரம் கறுக்கும், பிறகு கறுப்புத் தூள் சேரும், அந்தத் தூளில் சிவப்பாக ஒரு பொறி தெரியும். கட்டை பற்றிக்கொள்வதில்லை. கங்கு பிறப்பது தூளில். அதைப் பஞ்சிலோ நாரிலோ வைத்து மெதுவாகக் காற்று கொடுத்தால் தீ வரும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்தது. சி.என்.சி. மெஷினில் கீழே பலகை. மேலே 6 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு வெட்டுமுனை, அதை இவர்கள் பிட் என்கிறார்கள். நிமிஷத்துக்கு 18,000 சுற்று, அதாவது கண் இமைப்பதற்குள் பல பத்துச் சுற்று. அது நகர்ந்துகொண்டே இருந்தால் உளி. நகராமல் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் தீக்கடைகோல். சுற்ற ஆளும் கயிறும் வேண்டாம், மின்சாரமே சுற்றும். பிறந்த கங்கைக் குழாய் உறிஞ்சிக்கொண்டு போய்த் தூள்பையில் வைக்கும். காற்று கொடுக்கவும் அங்கேயே ஒரு மோட்டார் இருக்கிறது. அரணி கடைகிறவர் பாடுபட்டுச் செய்கிற மூன்று வேலையையும் நாமே ஒழுங்காக ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம்.

அறுப்பாளி சொன்ன பாடம்

எங்கள் தெருவில் ஒரு மூத்த ஆசாரி இருக்கிறார். எண்பது தாண்டியவர். அவருடைய தகப்பனார் மரம் அறுத்த காலத்தில் மின்சார வாள் கிடையாது. குழி வெட்டி, மேலே குறுக்குக் கட்டை போட்டு, மரத்தை ஏற்றி, மேலே ஒருவர் குழியில் ஒருவர் நின்று பெரிய வாளை இழுப்பார்களாம். கீழே நிற்பவர் தலையெல்லாம் தூளாக இருக்கும். செங்கோட்டை வழியாக மலை மரம் வந்த காலம் அது. புனலூர் – செங்கோட்டை ரயில் பாதை 1904-இல் திறந்தது. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-இல்தான் நம் மாநிலத்தோடு சேர்ந்தது.

"கையால அறுத்தா தீப்பிடிக்காது, இல்லையா ஆசாரி?" என்று கேட்டேன்.

"தீப்பிடிக்காது அண்ணாச்சி. ஆனா வாள் சுடும். பல்லு மழுங்கிட்டாலும் மரம் வாளைக் கவ்விக்கிட்டாலும் கை வைக்க முடியாது. உடனே நிறுத்தி, பின்னால ஆப்பு அடிச்சு வெட்டைத் திறந்து, அரம் எடுத்துப் பல்லைத் தீட்டுவோம். தீட்டுற நேரம் வெட்டிச் செலவுன்னு நெனைக்கிறவன் அறுப்பாளி இல்லை. மழுங்குன வாளு மரத்தை வெட்டாது, தேய்க்கும்."

மழுங்கிய வாள் வெட்டாது, தேய்க்கும். இதைத்தான் இன்றைக்கு மெஷின் விற்கிறவர்கள் தடித்த கையேடுகளில் எழுதுகிறார்கள். விஷயம் இதுதான். கூரான முனை மரத்தைச் சீவலாக எடுக்கிறது. வெட்டும்போது பிறக்கும் சூட்டின் பெரும்பகுதியை அந்தச் சீவல் தன்னோடு எடுத்துக்கொண்டு பறந்துவிடுகிறது. முனை மழுங்கினாலோ, மெஷின் மெதுவாக நகர்ந்தாலோ சீவல் வராது, மாவு போலத் தூள்தான் வரும். சூடு வெளியே போக வழியில்லாமல் முனையிலும் மரத்திலும் தங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வெட்டுவாய் உள்ள பிட் நிமிஷத்துக்கு 18,000 சுற்றுச் சுற்றினால் 36,000 தடவை மரத்தைத் தொடுகிறது. ஒவ்வொரு தடவையும் 0.1 மில்லிமீட்டர் சீவ வேண்டும் என்றால் அது நிமிஷத்துக்கு 3,600 மில்லிமீட்டர், அதாவது 3.6 மீட்டர் நகர வேண்டும். பயந்துகொண்டு நகரும் வேகத்தை ஒரு மீட்டராகக் குறைத்தால் ஒவ்வொரு தொடலிலும் கிடைப்பது 0.03 மில்லிமீட்டருக்கும் கீழே. அது சீவல் ஆகாது. நாம் ஜாக்கிரதை என்று நினைத்து மெதுவாக ஓட்டுவதே ஆபத்து. மெதுவாக நகர வேண்டுமானால் சுற்றையும் கூடவே குறைக்க வேண்டும். என் மருமகனுக்கே இது புதுச் செய்தியாக இருந்தது.

ஒரு பிரெஞ்சுக்காரரின் மரமில்

பாண்டிச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எங்கள் பாடப் புத்தகத்தில் கண்டுபிடிப்பாளர்கள் என்றால் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்கள்தான். அவர்களில் மார்க் இசாம்பார் புருனேல் என்பவரைப் பற்றி வாத்தியார் ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விட்டார். இந்த வயதில்தான் அவரை முழுதாகப் படித்தேன்.

1769-இல் நார்மண்டியில் பிறந்தவர். புரட்சியின்போது 1793-இல் உயிருக்குப் பயந்து அமெரிக்காவுக்கு ஓடினார். 1799-இல் இங்கிலாந்து வந்தார். அப்போது கப்பற்படைக்கு வருஷம் ஒன்றுக்கு லட்சத்துக்கும் மேலே மரக் கப்பிகள் தேவைப்பட்டன. பாய்க்கயிறு இழுக்க ஒரு பெரிய கப்பலுக்கே ஆயிரம் கப்பி. எல்லாம் கைவேலை. புருனேல் ஒவ்வொரு படிக்கும் ஒரு இயந்திரம் என்று வகுத்தார். ஹென்றி மோட்ஸ்லே என்ற கைதேர்ந்த கொல்லர் அவற்றை இரும்பில் செய்தார். போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் நிறுவிய அந்த இயந்திரங்களில் 110 கைதேர்ந்த ஆட்கள் செய்த வேலையைப் பழக்கமில்லாத 10 பேர் செய்தார்களாம். 1808-இல் அங்கே செய்த கப்பிகள் 1,30,000. மரவேலையில் ஆள் திறமையை இயந்திரத்துக்குள் வைத்த முதல் பெரிய காரியம் அது.

அந்தத் துணிச்சலில் புருனேல் லண்டனில் பாட்டர்சீ என்ற இடத்தில் சொந்தமாக மர அறுவை மில் வைத்தார். 1814 ஆகஸ்டு 30-ஆம் தேதி அதில் தீ. மில்லின் பெரும்பகுதி போய்விட்டது. திரும்பக் கட்டினார். ஆனால் கணக்கு வழக்கில் ஆள் ஏமாளி. பங்காளிகள் சரியில்லை. போர் முடிந்து படைக்கு வேண்டிய பூட்ஸ் வியாபாரமும் படுத்தது. 1821-இல் கடனுக்காக மனைவியோடு சிறை போனார். ரஷ்யா போய்விடுவார் என்று பயந்து அரசாங்கமே 5,000 பவுன் கொடுத்து மீட்டது. பிறகு தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் சுரங்கப் பாதை போட்டார். அந்த யோசனையும் மரத்திலிருந்தே வந்தது. கப்பல் பலகையைத் துளைக்கும் புழுவைப் பார்த்துப் பிடித்த யோசனை என்பார்கள்.

இரும்பு இயந்திரத்தில் அவ்வளவு துல்லியம் காட்டிய மனிதர், தூளும் மரமும் சூடும் ஒரே கூரைக்குள் இருந்ததில் பாதி வாழ்க்கையைத் தொலைத்தார். மருமகனுக்கு இதைச் சொன்னபோது அவன் தன் கடன் பாஸ்புக்கைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசாமல் மூடி வைத்தான்.

அட்டையிலிருந்து கணினிக்கு

புருனேலின் இயந்திரத்துக்கு அருகில் ஆள் நிற்க வேண்டும். ஆள் நிற்கத் தேவையில்லாத நிலை எப்படி வந்தது? அதிலும் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். லியோன் நகரத்து ஜக்கார்ட். துளை போட்ட அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே ஓடவிட்டு, எந்த நூல் தூக்க வேண்டும் எது வேண்டாம் என்று அட்டையே சொல்லும்படி 1804-இல் செய்தார். காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியில் மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த அட்டையின் பேரப்பிள்ளைதான் சி.என்.சி. அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைக்கு வளைவுகளைச் சரியாக வெட்ட எண்களைப் பயன்படுத்தினார். அவர் யோசனையை எடுத்துக்கொண்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1952-இல் துளை போட்ட நாடாவைப் படித்து வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியது. நாடா போய்க் கணினி வந்தது. 1960-களில் ரெனோ கார் கம்பெனியின் பொறியாளர் பியேர் பெஸியே, எந்த வளைவையும் சில புள்ளிகளால் கணினிக்குச் சொல்லும் முறையைக் கார் வடிவமைப்பில் புகுத்தினார். நம் பூஜையறைக் கதவில் கிளி மூக்கு அழகாக வளைகிறது என்றால் அதில் அவருக்கும் பங்கு உண்டு.

இவ்வளவு பேர் சேர்ந்து மெஷினுக்குக் கண் கொடுத்தார்கள், கை கொடுத்தார்கள். மூக்கு கொடுக்கவில்லை. மரம் கருகும் வாசனை அதற்குத் தெரியாது. சத்தம் மாறினால் கேட்காது. பலகை அசைந்து முனை ஒரு மூலையில் மாட்டிக்கொண்டாலும், எண் சொன்னபடி சுற்றிக்கொண்டே இருக்கும். மூக்கும் காதும் பக்கத்தில் நிற்கும் ஆளிடம் மட்டும்தான் இருக்கின்றன.

தூள் என்ற வெடிமருந்து

பாண்டிச்சேரி வகுப்பறையில் கேட்டு மறக்காத இன்னொரு பெயர் கூரியேர். வட பிரான்சில் நிலக்கரிச் சுரங்கம். 1906 மார்ச் 10 காலையில் அங்கே ஏற்பட்ட வெடிப்பில் 1,099 பேர் செத்தார்கள். செத்தவர்களில் சிறுவர்களும் உண்டு. இருபது நாள் கழித்துப் 13 பேர் இருட்டிலிருந்து நடந்து வெளியே வந்தார்கள். இதைச் சொல்லும்போது எங்கள் வாத்தியார் குரல் தழுதழுக்கும். சுரங்கத்தில் வாயு வெடிப்பதை பிரெஞ்சில் 'கூ த க்ரிஸூ' என்பார்கள். தூள் வெடிப்பதற்குத் தனிப் பெயர், 'கூ த பூஸ்ஸியேர்'. கூரியேரில் அவ்வளவு தூரம் நெருப்பைக் கொண்டு போனது நிலக்கரித் தூள். பிறகுதான் பிரான்சில் தூளை வைத்துப் பெரிய அளவில் சோதனை செய்தார்கள்.

கரிக்கு மட்டும் இந்தக் குணம் என்று நினைக்க வேண்டாம். 1785 டிசம்பர் 14-இல் இத்தாலியின் துரின் நகரத்தில் ஒரு ரொட்டிக்கடை மாவுக் கிடங்கு வெடித்தது. மொரோட்சோ என்ற பிரபு அதை விசாரித்து எழுதி வைத்தார். பையன் ஒருவன் விளக்கு வெளிச்சத்தில் மாவை அள்ளிக்கொண்டிருந்தான். மாவு சரிந்து புகைபோல எழுந்தது, விளக்கில் பட்டது. அந்த வருஷம் பல மாதம் மழையில்லை, மாவு காய்ந்து கிடந்தது என்பதையும் அவர் குறித்திருக்கிறார். 240 வருஷத்துக்கு முந்தைய விசாரணை அறிக்கை. எங்கள் ஆபீசில் எழுதிய பல அறிக்கைகளை விட ஒழுங்கு.

மரத்தூளும் அப்படியே. ஒரு சென்டிமீட்டர் மரக் கட்டைக்கு ஆறு பக்கம், மொத்தம் 6 சதுர சென்டிமீட்டர் பரப்பு. அதையே 0.1 மில்லிமீட்டர் துகளாக்கினால் பத்து லட்சம் துகள், 600 சதுர சென்டிமீட்டர் பரப்பு. அதே மரம், காற்றுப் படும் இடம் நூறு மடங்கு. குவிந்து கிடந்தால் உள்ளுக்குள் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மூடிய இடத்தில் காற்றில் பறந்து பொறியோடு சேர்ந்தால் வெடிக்கும்.

கனடாவில் பர்ன்ஸ் லேக் என்ற ஊரில் 2012 ஜனவரி 20-இல் ஒரு மரமில் வெடித்து 2 பேர் இறந்தார்கள், 20 பேர் காயம். வண்டு அரித்துப் பட்டுப்போய்க் காய்ந்த பைன் மரத்தை அங்கே அறுத்துக்கொண்டிருந்தார்கள். தூள் மிக நுண்மையாக, ஈரமே இல்லாமல் எங்கும் படிந்திருந்தது. மூன்றே மாதத்தில், ஏப்ரல் 23-இல், அதே மாகாணத்தில் பிரின்ஸ் ஜார்ஜ் நகரத்தில் இன்னொரு மரமில் வெடித்தது. அங்கும் 2 பேர் போனார்கள். 2015 ஜூலை 17-இல் இங்கிலாந்தின் போஸ்லி கிராமத்தில் மரமாவு மில் வெடித்து 4 பேர் இறந்தார்கள். இவையெல்லாம் பெரிய மில்கள், நம்ம ஊர்ப் பட்டறை அந்த அளவுக்குப் போகாது. ஆனால் பாயில் படுத்திருக்கும் ஒரு பையனுக்கு அந்த அளவு தேவையில்லை. புகையே போதும்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ஆடியில் குற்றாலத்துக்குச் சாரல், நமக்குக் காற்று. கணவாய் வழியாக வந்து காற்றாலைகளைச் சுற்றும் அந்தக் காற்று, ஜன்னல் இடுக்கில் நுழைந்து தூள்பையில் இருந்த கங்கையும் ஊதியிருக்கிறது.

சட்டத்தின் கணக்கு

எழுத்தர் புத்தி, சட்டத்தைப் புரட்டினேன். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம், 37-ஆம் பிரிவு. வெடிக்கக்கூடிய தூள் உண்டாகும் இடத்தில் மூன்று காரியம் செய்ய வேண்டும் என்றது. இயந்திரத்தை மூடி வைக்க வேண்டும், தூளைச் சேரவிடாமல் அகற்ற வேண்டும், தீ மூட்டக்கூடிய எதையும் விலக்க வேண்டும். எட்டு வரியில் அழகாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் பொதுக் கணக்கில் மின்சாரம் வைத்து 10 பேர் வேலை செய்தால்தான் தொழிற்சாலை என்று இருந்தது. மருமகன் பட்டறையில் அவனையும் சேர்த்து 4 பேர். அவனைத் தேடி இன்ஸ்பெக்டர் வரப் போவதில்லை. முன்பு 110 பேர் வேலையை 10 பேர் செய்தார்கள், இப்போது மெஷினும் 4 பேரும் செய்கிறார்கள். ஆள் குறையக் குறையச் சட்டம் விலகுகிறது, தூள் குறைவதில்லை.

பையன் கொடுத்த வாக்குமூலம்

கொடை முடிந்து பையன் வந்தான். பயந்துகொண்டுதான் வந்தான். டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துக் கேட்டேன்.

"சாயங்காலம் அஞ்சு மணி போல தாமரை ஓடிக்கிட்டு இருந்தது சார். நான் வெளிய மரம் இறக்கிக்கிட்டு இருந்தேன். சத்தம் கீச்சுன்னு மாறுச்சு. ஓடி வந்து நிறுத்தினேன். மூலையில கறுப்பாக் கருகி இருந்தது. துடைச்சிட்டு மறுபடி ஓட்டினேன். தீ ஒண்ணும் தெரியல. கருகுன வாசனை அடிக்கடி வர்றதுதானே."

"பிட்டு புதுசா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "மழுங்கிட்டுன்னு ரெண்டு தடவை சொன்னேன் சார். இன்னும் ரெண்டு கதவு ஓடட்டும்னு அண்ணன் சொன்னாங்க" என்றான்.

மருமகன் பக்கத்தில்தான் நின்றான். மறுக்கவில்லை. பிட்டை மிச்சம் பிடித்தது அவன். மெஷின் ஓடும்போதே மரம் இறக்கச் சொன்னதும் அவன். அந்த இடத்தில் பாய் போட அனுமதித்ததும் அவன்தான். பையன் செய்த தப்பு ஒன்று. கருகிய பிறகு உறிஞ்சும் மோட்டாரை நிறுத்திப் பையைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவுமில்லை.

ஃபைலை மூடினேன். மருமகன் தரையைப் பார்த்தபடி, "நாளைக்கு வேலைக்கு வந்திருடே" என்று பையனிடம் சொன்னான்.

இப்போது பட்டறையில்

ஆசாரியையும் கூட்டி வைத்துக்கொண்டு சில ஏற்பாடுகள் செய்தோம். உங்கள் பிள்ளைகள், மருமகன்மார் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால் காதில் போட்டு வையுங்கள்.

பிட் எத்தனை மணி நேரம் ஓடியது என்று நோட்டில் எழுதுகிறார்கள். மழுங்கினால் மாற்றுவது, இதில் கஞ்சத்தனம் இல்லை. முனை மரத்தில் இறங்கும்போது நேராகக் குத்தி நிற்காமல் சரிவாக நகர்ந்துகொண்டே இறங்கும்படி கணினியில் மாற்றிக்கொண்டார்கள். பழைய மரமானால் ஆணி இருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்க்கிறார்கள், இரும்பில் பட்டால் நிஜமாகவே பொறி பறக்கும். பலகையை அசையாமல் நாலு பக்கமும் இறுக்குகிறார்கள். மெஷின் ஓடும்போது ஒரு ஆள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும், கைப்பேசி கூடாது.

தூள்பை கட்டிடத்துக்கு வெளியே போய்விட்டது. தினமும் மாலை தூளை மூடியுள்ள இரும்பு டிரம்மில் கொட்டிச் சுவரை விட்டுத் தள்ளி வைக்கிறார்கள். கருகிய வாசனை வந்தால் முதலில் நிறுத்த வேண்டியது உறிஞ்சும் மோட்டார், ஏனென்றால் அதுதான் கங்குக்குக் காற்று கொடுக்கிறது. தூள் பற்றிக்கொண்டால் தண்ணீரை வேகமாக அடிக்கக் கூடாது. தூள் கிளம்பிப் பறந்து இன்னும் மோசமாகும். மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பூச்செடிக்குத் தெளிப்பது போலத் தெளித்து நனைக்க வேண்டும். கூடவே 101-க்குப் போன் செய்துவிட வேண்டும். வேலை முடிந்த பிறகு அரை மணி நேரம் யாராவது இருந்து, மோந்து பார்த்து, கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பூட்டு.

பாலிஷ் போடுகிறவர்களுக்கு ஒன்று. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது தானே சூடாகும், சுருட்டின துணியில் அந்தச் சூடு வெளியேறாது. 1991 பிப்ரவரி 23-இல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தின் 38 மாடிக் கட்டிடம் ஒன்று இப்படி ஒரு துணிக் குவியலால் பற்றி எரிந்து, 3 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். துணியை விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் டப்பாவில் போட்டு மூடுங்கள்.

பையனுக்கு இப்போது முன்பக்க அறையில் கட்டில். அந்த அறைக்குத் தெருவைப் பார்த்து ஒரு கதவு உண்டு, உள்ளேயிருந்து திறக்கலாம். மைத்துனரிடம் விஷயத்தைக் கடைசியில் நானே சொல்லிவிட்டேன். மகன்மேல் கோபப்படுவார் என்று பார்த்தேன். அந்தப் பாதி கருகிய பாயை மட்டும் பார்க்க வேண்டும் என்றார். மருமகன் அதை எறியவில்லை. மெஷினுக்கு எதிரே சுவரில் ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறான்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கஜலட்சுமி ஓடிக்கொண்டிருந்தது. பையன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தானே தவிர எழுந்து வரவில்லை. எனக்கு அது ரொம்பத் திருப்தியாக இருந்தது.